நாட்பட்ட சதையி அழற்சி

இரைப்பையின் பின்னே குறுக்காகக் கிடக்கும் சிறு சுரப்பி சதையியாகும்; தமிழகத்தார் இதனைக் கணையம் என்பர். உணவைச் செரிப்பிக்கும் நொதியங்களைக் குடலுக்கு அனுப்புதலும், இன்சுலினைக் குருதியிற் கலத்தலும் இதன் தொழில்கள். இச்சுரப்பி நெடுங்காலம் அழற்சியுற்று, நாராக இறுகித் தன் தொழிலை இழப்பதே நாட்பட்ட சதையி அழற்சியாம்.

மேல்நாடுகளில் இந்நோய்க்கு மதுவே தலையாய காரணமெனக் கண்டனர். ஆயின், மதுவை அறியாத இளஞ்சிறாரையும் இது பற்றுதலைக் கேரளத்து வைத்தியர் கீவர்கீஸ் 1960களில் விரிவாக ஆராய்ந்தார். பிள்ளைப் பருவத்தில் வயிற்றுவலி, கட்டிளமையில் நீரிழிவு, வாழ்வின் நடுவே மரணம் என அதன் போக்கினை அவர் வகுத்துரைத்தார்.

காரணம் யாது? கேரளத்து ஏழை மக்கள் மிகுதியாக உண்ட மரவள்ளிக்கிழங்கின்மீது ஐயம் எழுந்தது. அதனுள் சயனைட்டு நஞ்சைத் தரும் பொருள் உண்டு. மரவள்ளியோடு இஞ்சியைச் சேர்க்கலாகாதென முதியோர் விலக்கும் நம் நாட்டில், இவ்வையம் எளிதில் நம்பத்தக்கதே. புல்மோட்டை வீடுகளிலும் அவித்த மரவள்ளி புதிய உணவன்று. ஆயினும், அக்கிழங்கை உண்ணாத இடங்களிலும் இந்நோய் காணப்பட்டது. சென்னையில் எலிகளுக்கு அதனை நெடுநாள் ஊட்டியும் சதையி அழற்சி தோன்றவில்லை. 2002ஆம் ஆண்டளவில் ஆய்வாளர், நோயாளர் பலரிடம் ‘ஸ்பிங்க்-1’ என்னும் பரம்பரை அலகில் மாற்றமிருத்தலைக் கண்டனர். சதையிக்குள்ளேயே விழித்தெழுந்து அதனைச் செரிக்க முற்படும் நொதியத்தை அடக்குவது இவ்வலகின் தொழில். எனினும் இம்மாற்றம் நலமுடையார் சிலரிடத்தும் உண்டு. எனவே காரணம் ஒன்றன்று, பல என்க.

நோயறிதலும் வளர்ந்துள்ளது. முற்றிய நிலையில் சதையியிற் படிந்த சுண்ணக் கற்களை எக்ஸ்-கதிர்ப் படமே காட்டிவிடும். கல் தோன்றாத தொடக்க நிலையை அறிய, வாய்வழி உட்செலுத்தும் குழாயின் நுனியில் அமைந்த ஒலியலைக் கருவி உதவுகின்றது.

சிகிச்சையில், குறைந்த நொதியத்தை உணவோடு மாத்திரையாகவும், நீரிழிவு வந்தார்க்கு இன்சுலினை ஊசியாகவும் அளிப்பர். நாளத்தை அடைத்த கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைப்பதுமுண்டு. சத்திரசிகிச்சையை இறுதிவரை ஒத்திவைப்பதே வழக்கமாயிருந்தது. நெதர்லாந்தில் 88 நோயாளரை இரு பிரிவாக்கி நிகழ்த்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. நாளம் அடைபட்டுக் கடும்வலியுற்ற அவர்களுள், காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை பெற்றோர்க்கே பதினெட்டு மாத காலத்தில் வலி குறைந்திருந்ததென அது காட்டிற்று.

வயிற்றுவலி எல்லாம் இந்நோயன்று. ஆனால், மேல்வயிற்றில் மீண்டும் மீண்டும் தோன்றி முதுகுக்குப் பரவும் வலி, உடல் மெலிவு, எண்ணெய்ப்பசையுள்ள மலம், ஓயாத தாகம் ஆகியன காணப்படின், பிள்ளையை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். வகுப்பிலே வயிற்றைப் பற்றிக் குனிந்திருப்பவனைப் பாடத்துக்கு அஞ்சிப் பொய்யுரைக்கின்றான் என ஏசுதல் எளிது. பெற்றோரை அழைத்து ஒரு சொல் கூறுதலே ஆசிரியர்க்கு அழகு. தொடக்கத்தில் அறியப்படும் நோய்க்கே மருத்துவத்தின் கை முழுதும் எட்டும்.