ஆறுதலைக் கொண்டுபோவது யார்?



நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் நடந்த நிகழ்ச்சி இது. கட்டட வேலைக்குச் சென்ற ஒரு சகோதரர் சாரத்திலிருந்து தவறி விழுந்து இறந்துபோனார். அவருடைய மனைவிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு சிறு பிள்ளைகள். அடக்கத் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியிலிருந்து மலைப்பொழிவை வாசித்தேன். துயருறுவோரை ஆண்டவர் பேறுபெற்றோர் என்கிறார், அவர்களுக்கு ஆறுதல் உண்டு என வாக்களிக்கிறார் என்று மறையுரை ஆற்றினேன். ஆலயம் நிறைந்திருந்தது. மறையுரை நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள். எனக்கும் மனநிறைவாகத்தான் இருந்தது.

முப்பதாம் நாள் திருப்பலிக்குக் கருத்து எழுதிக் கொடுக்க அந்தப் பெண் பங்கு இல்லத்திற்கு வந்தார். எழுதி முடித்த பிறகும் போகாமல் நின்றார். "என்னம்மா?" என்றேன்.

"சாமி, அன்னைக்கு ஆறுதல் கிடைக்கும்னு சொன்னீங்க. காரியம் முடிஞ்ச பிறகு ஒருத்தரும் எங்க வீட்டு வாசப்படி ஏறல. காலையில கடைக்குப் போனா எதிர்ல வர்றவங்க ஒதுங்கிப் போறாங்க. அந்த ஆறுதல் எப்ப சாமி வரும்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய வீடு ஆலயத்திலிருந்து ஐந்து நிமிட நடை தூரம். அந்த வாசப்படியை நானும் ஏறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கேள்விக்குப் பிறகு மலைப்பொழிவை நான் வாசிக்கும் விதம் மாறிவிட்டது. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பேறு என்றால் என்ன?

மத்தேயு 5ஆம் அதிகாரம் 3 முதல் 12 வரையுள்ள வசனங்களை ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவர் பெருவிழாவில் கேட்கிறோம். அடக்கத் திருப்பலிகளிலும் கேட்கிறோம். அடிக்கடி கேட்பதாலேயே அவை நம் காதில் பட்டுப் போய்விடுகின்றன.

'பேறுபெற்றோர்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'மக்காரியோய்'. எபிரேயத்தில் இதற்கு இணையான 'அஷ்ரே' என்ற சொல்லோடுதான் திருப்பாடல்கள் நூல் தொடங்குகிறது. இது மனத்தில் தோன்றி மறையும் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் அன்று. கடவுள் ஒருவர் பக்கம் நிற்கிறார், ஆகவே அவருடைய வாழ்வு வீணாகாது என்று அறிவிக்கும் சொல். கண்ணீர் நல்லது என்று இயேசு சொல்லவில்லை. அழுகிறவரைக் கடவுள் கைவிடவில்லை என்று சொல்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எட்டுப் பேறுகளில் முதலாவதும் எட்டாவதும் விண்ணரசைத் தருகின்றன. அது அவர்களுக்கு இப்போதே உரியது என்று நிகழ்காலத்தில் சொல்லப்படுகிறது. இடையிலுள்ள ஆறும் எதிர்காலத்தில் வருகின்றன. அந்த ஆறில் நான்கு, கிரேக்க மூலத்தில், செய்கிறவர் யார் என்று சொல்லாத முறையில் அமைந்துள்ளன. ஆறுதல் அளிக்கப்படும், நிறைவு அளிக்கப்படும், இரக்கம் காட்டப்படும், மக்கள் என்று அழைக்கப்படுவார்கள். இவற்றையெல்லாம் செய்பவர் யார்? கடவுளே. இறைவனின் பெயரை உச்சரிக்கத் தயங்கிய யூத மக்கள் இவ்வாறு பேசுவது வழக்கம். குருமடத்தில் இதை எங்களுக்குக் கற்பித்தார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

ஆனால் கடவுள் எப்படிச் செய்கிறார் என்ற அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. பாலைநிலத்தில் பசித்திருந்த மக்களுக்கு உணவளித்தவர் இயேசு. ஆயினும் அப்பத்தைப் பிட்டுச் சீடர்களின் கையில்தான் கொடுத்தார். சீடர்கள் மக்களுக்குப் பரிமாறினார்கள். சீடர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், அப்பம் இருந்தும் மக்கள் பசியோடு போயிருப்பார்கள். மலைப்பொழிவின் வாக்குறுதிகளும் இப்படித்தான். அவற்றின் நிறைவு விண்ணகத்தில். ஆனால் அவற்றின் தொடக்கம் இங்கே, இப்போதே இருக்கிறது. அந்தத் தொடக்கத்தைக் கடவுள் நம் கைகளில் தந்திருக்கிறார். ஒருவருக்கு வாக்களிக்கப்பட்ட பேறு பல நேரங்களில் அடுத்த வீட்டுக்காரர் வழியாகவே அவரை வந்தடைகிறது.

புனித தேவசகாயத்தின் வாழ்வில்

நம் மண்ணின் புனிதர் ஒருவரின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலராக இருந்தார். அவருடைய குடும்பத்தில் கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன, இழப்புக்கு மேல் இழப்பு வந்தது என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அவருடைய முகவாட்டத்தைக் கண்டு, என்ன நடந்தது என்று கேட்டவர் யார் தெரியுமா? 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படையில் பணியாற்றிய தெலனோய் என்ற அயல்நாட்டவர். அவர் நீலகண்டருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அந்த ஆறுதலின் வழியாகவே நம்பிக்கை முளைவிட்டது. 1745இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பதன் தமிழ் வடிவமாக, கடவுளின் உதவி என்ற பொருளில் தேவசகாயம் என்று பெயர் பெற்றார்.

அதன் பிறகு நடந்தவை நீங்கள் அறிந்தவையே. சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் அவர் மீதான எதிர்ப்புக்கு ஒரு காரணம். 1749இல் கைது செய்யப்பட்டார். மூன்று ஆண்டுகள் துன்பப்பட்டு, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். எட்டாவது பேற்றைத் தம் இரத்தத்தால் வாழ்ந்து காட்டிய அவர், இரண்டாவது பேற்றின் வழியாகத்தான் நம்பிக்கைக்குள் வந்தார். தன் துயரம் தனக்கே பெரிது என்று இருக்கப் போதுமான காரணம் தெலனோய்க்கு இருந்தது. அவரோ இன்னொருவரின் துயரத்தைக் கேட்க உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதிலிருந்து திருச்சபைக்கு ஒரு மறைச்சாட்சி கிடைத்தார்.

நம் வீட்டிலும் தெருவிலும்

2018இல் வெளியிட்ட 'கௌதேத்தே எத் எக்சுல்தாத்தே' என்னும் திருத்தூது அறிவுரையில், பேறுகளைக் கிறிஸ்தவருடைய அடையாள அட்டையாகக் காட்டினார் திருத்தந்தை பிரான்சிஸ். நம் பையில் ஆதார் அட்டை இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது. இந்த அட்டையை எங்கே காட்டுகிறோம்?

ஏழையரின் உள்ளம்: திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கடன் வாங்கிச் செலவு செய்வது நம்மிடையே பெருகிவிட்டது. வசதியுள்ள ஒரு வீடு எளிமையாகத் திருமணம் நடத்தினால், வசதியில்லாத பத்து வீடுகள் தலைநிமிர்ந்து அப்படியே நடத்தலாம். நம் எளிமை அடுத்தவரின் சுமையை இறக்கி வைக்கிறது.

கனிவு: இவர்களுக்கு நிலம் உரிமையாகும் என்கிறார் ஆண்டவர். நம் ஊர்களிலோ ஒரு முழ வரப்புக்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றப் படியேறுகிறார்கள். பத்து ஆண்டுகள் வழக்கு நடத்தி நிலத்தை வென்று சகோதரனை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுத்தவர் வீட்டில்தான் இன்றும் இரு குடும்பத்தாரும் சேர்ந்து கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடுகிறார்கள்.

நீதியின் மேல் பசி: சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதியின் பெயரால் பிரிவினை இருக்கிறது. ஒரே திருமுழுக்குப் பெற்று ஒரே அப்பத்தை உண்டவர்கள் மண்ணுக்குள் தனித்தனியே கிடக்க வேண்டுமா? பங்குப் பேரவையில் எழுந்து 'இது தவறு' என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு வந்தால், நீதிக்காகப் பசித்திருப்போர்க்கு முதல் கவளம் கிடைத்துவிட்டது.

இரக்கம்: வீட்டு வேலைக்கு வரும் அக்கா உடல்நலமின்றி இரண்டு நாள் வராவிட்டால் சம்பளத்தைப் பிடிக்கிறோமா? நமக்கு மட்டும் மருத்துவ விடுப்பு வேண்டும் என்கிறோமே!

தூய உள்ளம்: ஒருவரைப் பற்றிய அவதூறு கைப்பேசிக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுவதும் தூய்மைதான். அதோடு வரும் படத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் தூய்மைதான்.

அமைதி ஏற்படுத்துதல்: மாமியாரும் மருமகளும் பேசாதிருக்கும் வீட்டில், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாத மகனே அமைதி ஏற்படுத்துகிறவர்.

நீதியின் பொருட்டுத் துன்புறுதல்: கையூட்டு வாங்க மறுத்ததால் அலுவலகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். வரதட்சணை வேண்டாம் என்றதால் உறவினரின் கேலிக்கு ஆளான இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் 'பிழைக்கத் தெரியாதவர்கள்' என்கிறோம். ஆண்டவர் அவர்களைப் பேறுபெற்றோர் என்கிறார். யாருடைய சொல்லை நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம்?

மீண்டும் அந்த வாசப்படி

அந்தப் பெண் கேள்வி கேட்ட அன்று மாலையே அவருடைய வீட்டுக்குப் போனேன். வெகுநேரம் பேசவில்லை. பிள்ளைகளோடு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். வரும் வழியில் அந்த அன்பியத்தின் பொறுப்பாளரான அம்மாவைச் சந்தித்து, நடந்ததைச் சொன்னேன். அவர் கண்கலங்கி, "நாங்களும் போகல சாமி. என்ன பேசுறதுன்னு தெரியல" என்றார். "பேச வேண்டாம், ஒரு பத்து மணி செபமாலை சொல்லிவிட்டு வாருங்கள்" என்றேன்.

மறுநாளிலிருந்து நான்கைந்து பெண்கள் முறைவைத்துச் சென்றார்கள். அன்பியத்தில் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் இருந்தார். இறந்தவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்ததைக் கேட்டறிந்து, உதவித்தொகைக்கான படிவத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார். சான்றிதழுக்கு அலையும்போது கூடவே போனார். வின்சென்ட் தே பவுல் சபையினர் பிள்ளைகளின் பள்ளிச் செலவைக் கவனித்துக்கொண்டார்கள். பெரிய காரியம் என்று எதுவும் இல்லை. ஆனால் தெருவில் ஒதுங்கிப் போனவர்கள் மெல்ல நின்று பேசத் தொடங்கினார்கள்.

ஓராண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "சாமி, இப்பவும் அழுகை வருது. ஆனா தனியா அழல" என்றார். நான் குருமடத்தில் படித்த விளக்கங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரி எனக்கு அந்தப் பேற்றைப் புரிய வைத்தது. சில மாதங்கள் கழித்து அதே ஊரில் இன்னொரு பெண் கணவரை இழந்தபோது, முதல் ஆளாக அந்த வீட்டு வாசப்படி ஏறியவர் இவர்தான். கடவுளிடமிருந்து நாம் பெறும் ஆறுதல், துன்புறும் பிறருக்கு ஆறுதல் அளிக்கவே என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில் கூறுவது இதைத்தான்.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் ஒரேயொரு காரியம் செய்வோம். நம் அன்பியத்தில் துயரம் நிகழ்ந்த பிறகு யாரும் போகாத வீடு எது என்று யோசித்துப் பார்ப்போம். சொல்ல வார்த்தை இல்லையே என்று தயங்க வேண்டாம். தெலனோய் செய்ததுபோல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். ஆண்டவர் கொடுத்த வாக்கு அந்த வீட்டைச் சென்றடைய, ஒருவேளை நம் கால்களுக்காகக் காத்திருக்கலாம்.

செபம்: அன்பின் ஆண்டவரே, உமது மலைப்பொழிவைக் காதால் கேட்டுவிட்டுப் போய்விடும் எங்களை மன்னியும். அழுவோரின் வாசலுக்கு எங்களை அனுப்பும். நீர் வாக்களித்த ஆறுதலை நாங்கள் வழியில் தொலைத்துவிடாமல் கொண்டுசேர்க்க அருள்தாரும். ஆமென்.