கிட்னி மாத்தின பிறகு வர்ற செலவு: பாலிசி எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைன்னு சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" அதுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு பேக்கேஜ் தொகை சொல்லிடுவாங்க. நல்ல இன்ஷூரன்ஸ் இருந்தா அதுல பெரும்பங்கு கிளெய்ம் ஆகிடும். என் கிளையண்ட் ஒருத்தருக்கு (வயசு 31, ஐடி வேலை, கிட்னி கொடுத்தது அவரோட அம்மா) அப்படித்தான் ஆச்சு. அவரைத் திணறடிச்சது டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வந்த மாசங்கள்.

இன்னொருத்தரோட உறுப்பை நம்ம உடம்பு அந்நியப் பொருளாத்தான் பார்க்கும், தாக்கும். அந்த எதிர்ப்பை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், ஸ்டீராய்டுன்னு மாத்திரைகளை அந்தக் கிட்னி வேலை செய்யற வரைக்கும் வேளை தவறாம சாப்பிடணும். மருந்து ரத்தத்துல சரியான அளவுல இருக்கான்னு டெஸ்ட் வேற, முதல் சில மாசம் அடிக்கடி. அவருக்கு முதல் வருஷம் மாசத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல போச்சு. கடைசித் தவணையே இல்லாத இஎம்ஐன்னு வச்சுக்கோங்க. பணம் இல்லைன்னு மாத்திரையை நிறுத்தினா, உடம்பு அந்தக் கிட்னியையே நிராகரிச்சிடலாம். கிரெடிட் கார்டு பில் மாதிரி "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போட முடியாது.

இப்போ உங்க பாலிசியை எடுங்க. "போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன்"னு ஒரு வரி இருக்கும். பல பாலிசிகள்ல அது 60 அல்லது 90 நாள். அதுக்கப்புறம் வர்ற மாத்திரைச் செலவு, ஓபிடி கவர் இல்லைன்னா, உங்க கைக்காசு. உறுப்பு கொடுத்தவரோட ஆபரேஷன் செலவைப் பல பாலிசிகள் ஏத்துக்கும். ஆனா அவருக்கு முன்னாடி எடுக்கிற பரிசோதனையும் பின்னாடி வர்ற செக்கப்பும் பெரும்பாலும் சேராது. கொடுத்தவங்களுக்கும் வருஷா வருஷம் பிபி, கிரியேட்டினின் பார்க்கணும். அதை யாருமே பட்ஜெட்ல எழுதறதில்லை.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இந்த இடத்துலதான் கைகொடுக்கும். உறுப்பு மாற்று அதோட பட்டியல்ல வழக்கமா இருக்கும். நிபந்தனைகள் பொருந்தினா தொகையை மொத்தமா கையில கொடுத்துடுவாங்க. மாத்திரைக்கோ சம்பளம் இல்லாத லீவுக்கோ நீங்க செலவு பண்ணிக்கலாம்.

அடுத்தது வேலை மாத்தறது. 14ஆவது மாசம் அவருக்கு 30% ஹைக்கோட ஒரு ஆஃபர் வந்துச்சு. சந்தோஷத்துல பேப்பர் போட இருந்தவரை நிறுத்தி, புதுக் கம்பெனி எச்ஆர்கிட்ட மெயில்ல ரெண்டு கேள்வி கேட்கச் சொன்னேன். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு முதல் நாள்லேர்ந்தே கவர் உண்டா? சேர்ற அன்னைக்கே பாலிசி ஆரம்பிக்குமா? ரெண்டு வேலைக்கும் நடுவுல பத்து நாள் ஊருக்குப் போகலாம்னு இருந்தார். அந்தப் பத்து நாள்ல ஒரு தொற்று வந்து அட்மிட் ஆனா முழுப் பில்லும் அவர் தலையிலதான். பதில் எழுத்துல வந்த பிறகுதான் பேப்பர் போட்டார், கடைசி நாளுக்கு மறுநாளே சேர்ந்தார்.

உறுப்பு மாத்தினவருக்குத் தனியா பாலிசி வாங்கறது கஷ்டம். விண்ணப்பத்தை நிராகரிக்க கம்பெனிக்கு உரிமை உண்டு. கொடுத்தாலும், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதனால ஆபீஸ் பாலிசி இருந்தாலும், உடம்பு நல்லா இருக்கும்போதே சொந்தமா ஒண்ணு எடுத்து வைங்கன்னு நான் சொல்றேன்.

வரி விஷயம் கொஞ்சம் விசித்திரம். 1961 வருமான வரிச் சட்டத்தோட 80டிடிபி பிரிவுல நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு 40,000 வரை கழிவு உண்டு, நோயாளி மூத்த குடிமகன்னா 1,00,000. கல்லீரல் செயலிழப்பும் இதயச் செயலிழப்பும் பட்டியல்லயே இல்லை. ஏன்னு என்கிட்ட கேட்காதீங்க! இன்ஷூரன்ஸ் கொடுத்த தொகையை இந்தக் கழிவுலேர்ந்து குறைக்கணும். அதனால பெரிய கிளெய்ம் வந்த வருஷம் கிடைக்கிறது பூஜ்யம்தான். கைக்காசுல மாத்திரை வாங்கற அடுத்தடுத்த வருஷங்கள்லதான் இது பயன்படும். அதுவும் பழைய வரிமுறையில மட்டும். 2025-26ல சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ளன்னா புது முறையில வரியே கிடையாது, இந்த 40,000க்காகப் பழைய முறைக்குப் போகாதீங்க.

கழிவு கேட்கறவங்க, நோயோட பேர் இருக்கிற நெஃப்ராலஜிஸ்ட் சீட்டையும் மெடிக்கல் ஷாப் பில்லையும் மாசாமாசம் போட்டோ எடுத்து வைங்க. அந்தப் பில்லு ரிட்டர்ன் போடறதுக்குள்ள மங்கிடும்.