வருகைப் பதிவேட்டில் உலாவிகளின் சரித்திரம்

ஓர் இணையதளத்தை நாடி வரும் ஒவ்வொருவரைப் பற்றியும் அத்தளத்தின் சர்வர் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. இன்ன நாளில், இன்ன விநாடியில், இன்ன முகவரியிலிருந்து, இன்ன பக்கம் கேட்கப்பட்டது; அது கொடுக்கப்பட்டதா இல்லையா; கொடுக்கப்பட்டதாயின் எத்தனை பைட் என்னும் விவரங்களோடு, வந்த உலாவி தன்னைப் பற்றித் தானே கூறிக்கொண்ட அறிமுக வாசகம் ஒன்றும் அந்த வரியில் இடம்பெறும். குரோம் இத்தனை சதவீதம், சஃபாரி இத்தனை சதவீதம் என்று மாதந்தோறும் வெளிவரும் கணக்குகள், சர்வரின் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டாலும், பக்கத்தில் பொதிந்து வைத்த சிறு நிரலின் வழியே திரட்டப்பட்டாலும், பெரும்பாலும் இந்த வாசகத்தையே ஆதாரமாகக் கொண்டவை. ஆகையால், எந்த உலாவி ஏறியது, எது இறங்கியது என்ற சரித்திரத்துக்குள் புகுமுன், அந்த ஆதாரத்தின் யோக்கியதையைச் சற்றுப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

விண்டோஸ் கணினியிலிருந்து செல்லும் குரோம் இன்று கூறும் வாசகம் ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்: ‘மோசில்லா/5.0 (விண்டோஸ் என்டி 10.0, வின்64, எக்ஸ்64) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம், சஃபாரி/537.36’, இடையில் குரோமின் பதிப்பு எண் வரும். பின்வந்த மன்னன் ஒருவன் தனக்கு முன் ஆண்டோரின் விருதுப் பெயர்களையெல்லாம் தன் மெய்க்கீர்த்தியில் சேர்த்துக்கொண்டது போன்ற இவ்வாசகத்தில், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. மோசில்லா என்பது 1994-இல் தோன்றிய நெட்ஸ்கேப் உலாவி தனக்கு இட்டுக்கொண்ட பெயர். திரையைப் பல சட்டங்களாகப் பிரித்துக் காட்டுவது போன்ற புதிய வசதிகள் அதனிடம் இருந்தமையால், தளங்களை அமைத்தோர் அப்பெயரைக் கூறி வந்த உலாவிக்கு மட்டும் சிறப்பான பக்கத்தையும், மற்றவற்றுக்கு எளிய பக்கத்தையும் அனுப்பும்படி சர்வர்களைப் பழக்கியிருந்தார்கள். 1995-இல் வந்த மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், சிறப்பான பக்கம் தனக்கும் கிடைக்க வேண்டி, தானும் மோசில்லா என்றே சொல்லத் தொடங்கியது. பின்னர் நெட்ஸ்கேப்பின் வழித்தோன்றலான, பக்கத்தை வரைந்து காட்டும் கெக்கோ யந்திரத்துக்கு மதிப்பு உண்டானபோது, லினக்ஸ் அன்பர்கள் உருவாக்கிய கேஎச்டிஎம்எல் தன்னைக் கெக்கோவைப் போன்றது என்று கூறிக்கொண்டது. அதை எடுத்து ஆப்பிள் நிறுவனம் 2003-இல் சஃபாரியையும், அதன் வெப்கிட் யந்திரத்தையும் செய்தது. அந்த வெப்கிட்டை எடுத்துக் கூகுள் 2008 செப்டம்பரில் குரோமை வெளியிட்டது.

இத்தகைய வாசகத்தைப் படித்துத் தவறான முடிவுக்கு வந்த தளங்களும் உண்டு. ஓபரா தன் பத்தாம் பதிப்பை 2009-இல் வெளியிட்டபோது, பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்த தளங்கள் பத்தை ஒன்று என்று எண்ணி, இது மிகப் பழைய உலாவி என்று திருப்பி அனுப்பின. ஆதலால் அந்த உலாவி அறிமுகத்தில் தன்னை 9.80 என்று கூறிக்கொண்டு, உண்மை எண்ணை வாசகத்தின் கடைசியில் ஒதுக்கி வைக்க நேர்ந்தது. விவால்டி என்னும் சிறிய உலாவி, தன் பெயரைச் சொன்னால் சில தளங்கள் உள்ளே விட மறுப்பதைக் கண்டு, 2019 இறுதியில் அப்பெயரையே நீக்கிவிட்டுக் குரோம் என்றே தன்னை அறிவிக்கலாயிற்று. அதை விரும்பிப் பயன்படுத்துவோர், அன்று முதல், பெரும்பாலான கணக்குகளில் குரோம் அன்பர்களாகவே எண்ணப்படுகிறார்கள்.

ஆதாரம் இவ்வளவு குறையுடையதாயினும், பெரிய ஏற்ற இறக்கங்களை அது மறைத்துவிடவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆன்ட்ரீசனும் எரிக் பீனாவும் 1993-இல் ஆக்கிய மொசைக் உலாவி, படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் கலந்து தோன்றும் காட்சியைப் பாமரருக்கும் எட்டச் செய்தது. அதே ஆன்ட்ரீசன், ஜிம் கிளார்க் என்பவரோடு சேர்ந்து அமைத்த நெட்ஸ்கேப், 1996 வாக்கில் ஐந்தில் நான்கு பங்கு வாசகர்களைத் தன்பால் ஈர்த்திருந்தது. ஆனால், ஆறேழு ஆண்டுகளுக்குள் அந்நிலை முற்றும் மாறி, 2002-க்கும் 2003-க்கும் இடையே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுக்கு உயர்ந்து நின்றது. இந்த மாற்றத்தில் தரத்துக்கும் பங்குண்டு. மைக்ரோசாஃப்டின் ஐந்தாம் பதிப்பு நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பை விட மேலானது என்பதை அக்காலத்தில் தளம் அமைத்தவர்கள் மறுக்க மாட்டார்கள். எனினும், புதுக் கணினி வாங்கி வீட்டில் வைத்து முதன்முதலாக மின்னிணைப்புக் கொடுத்தவரின் திரையில் அந்த உலாவியின் சின்னம் முன்னமே காத்திருந்தது என்பதே பெரிய காரணம். அமெரிக்க நீதித்துறை 1998 மே மாதம் தொடுத்த வழக்கில், நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் மறு ஆண்டு வெளியிட்ட நிரூபண முடிவுகள் இந்த இணைப்பு விற்பனையையே விரிவாக ஆராய்ந்தன.

போட்டி ஒழிந்த பின் என்ன நேர்ந்தது என்பதைத்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு 2001 ஆகஸ்டில் வந்தது. ஏழாம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. ஐந்து ஆண்டுக் காலம் உலகின் மிகப் பெரும்பாலோர் கையாண்ட ஒரு கருவி, அபிவிருத்தியின்றி, பாதுகாப்பு ஓட்டைகளுக்கு ஒட்டுப்போடுவதோடு நின்றிருந்தது.

இந்தத் தேக்கத்தின் பலனை மிகக் கடுமையாக அனுபவித்த நாடு தென்கொரியா. தொண்ணூறுகளின் இறுதியில் அமெரிக்கா, வலிமையான சங்கேதக் குறியீட்டு முறைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தடை விதித்திருந்தமையால், ஏற்றுமதியான உலாவிகளில் 40 பிட் அளவுள்ள பலவீனமான பாதுகாப்பே இருந்தது. வங்கிக் கணக்கை அதை நம்பித் திறக்க விரும்பாத கொரியர்கள், ‘சீட்’ என்னும் 128 பிட் முறையைத் தாமே வகுத்தார்கள். அது மெச்சத் தக்க காரியமே. ஆனால் அதை உலாவிக்குள் செலுத்த அவர்கள் தேர்ந்த வழி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் என்னும் செருகு நிரல். 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா அந்தத் தடையைப் பெரிதும் தளர்த்திவிட்டது. ஆயினும் வங்கி, வரி, வியாபாரம் ஆகிய அனைத்தும் அந்த நிரலோடும், அதன் வழி இயங்கிய அரசு அங்கீகாரச் சான்றிதழோடும் பிணைந்துவிட்டபடியால், உலகம் வேறு உலாவிகளுக்கு மாறிய பின்னும் கொரியர்களால் எளிதில் மாற முடியவில்லை. அச்சான்றிதழின் ஏகபோகம் 2020 டிசம்பரில்தான் சட்டப்படி நீங்கியது. நெடுங்காலம் அந்நாட்டுக் கணக்கில் ஓங்கி நின்ற எக்ஸ்ப்ளோரரின் சதவீதத்தைப் பார்த்து, அவர்கள் அந்த உலாவியை நேசித்தார்கள் என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்.

தமிழ் வாசகர்களுக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. யூனிகோடு பரவுமுன், தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்கள் தத்தமக்கென்று தனி எழுத்துரு வைத்திருந்த காலத்தில், வாசகர் அதைத் தேடி இறக்கி நிறுவும் சிரமத்தைத் தவிர்க்கப் பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்திறங்கும் டைனமிக் ஃபான்ட் முறையைப் பல தளங்கள் கையாண்டன. அவற்றில் பெருவழக்காயிருந்த ஈஓடி வடிவம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே திறந்தது. வேறு உலாவியில் அதே செய்தி, பொருளற்ற ஐரோப்பியக் குறியெழுத்துக்களின் கூட்டமாகத் தோன்றியது. யூனிகோடு வந்த பின்னும், ஃபயர்ஃபாக்ஸின் தொடக்கப் பதிப்புகளில், இருபுறமும் ஓரம் சமன் செய்த பத்திகளில் கொம்பும் காலும் தத்தம் எழுத்தை விட்டு விலகி நின்றன. 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் அக்குறை தீர்ந்தது. தமிழ் படிக்க வந்தவர் எக்ஸ்ப்ளோரரை நாடினார். அதனால் அதன் பங்கு மிகுந்தது. பங்கு மிகுந்ததைக் கண்ட தளத்தார் அதற்கு மட்டுமே பக்கம் அமைத்தார்கள். கணக்கு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழலே உலாவிகளின் சரித்திரத்தில் மிக முக்கியமான விஷயம் என்பது என் துணிபு.

நெட்ஸ்கேப் தன் மூல நிரலை 1998-இல் உலகுக்குத் திறந்துவிட்டதன் பயனாக, 2004 நவம்பர் 9-ஆம் நாள் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 பிறந்து, ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாசகர்களைப் பெற்றது. பெரும்பாலும் கணினியோடு சேர்ந்து வராமல், மக்கள் தாமே தேடி இறக்கிக்கொண்டதனாலேயே இவ்வளவு உயர்ந்த உலாவி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் பின் குரோமின் காலம். ஜாவாஸ்கிரிப்டை அதிவேகமாய் இயக்கும் அதன் வி8 யந்திரம் ஒரு காரணம். உலகெங்கும் மக்கள் நாள்தோறும் திறந்த கூகுள் தேடல் பக்கத்திலேயே அதற்கு அழைப்பு இருந்தது மற்றொரு காரணம்.

2012 மே மாதத்தில் குரோம் எக்ஸ்ப்ளோரரை முந்தியது என்று ஸ்டாட்கவுன்டர் நிறுவனம் அறிவித்தபோது, நெட் அப்ளிகேஷன்ஸ் என்னும் மற்றொரு நிறுவனம் எக்ஸ்ப்ளோரர் இன்னும் பாதிக்கு மேல் வைத்திருக்கிறது என்றும், குரோமுக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்கே என்றும் சொல்லிற்று. இருவரும் பொய் சொல்லவில்லை. முன்னது புரட்டப்பட்ட பக்கங்களை எண்ணியது. பின்னது வந்து சென்ற ஆட்களை எண்ணியது. ஒருவர் குரோமில் நூறு பக்கம் படிக்க, பத்துப் பேர் எக்ஸ்ப்ளோரரில் ஆளுக்கு ஐந்து பக்கம் படித்தால், முதற் கணக்கில் குரோமுக்கு மூன்றில் இரண்டு பங்கும், இரண்டாம் கணக்கில் பதினொன்றில் ஒரு பங்கும் கிடைக்கும். மேலும், தன் நிரல் அதிகம் பரவாத சீனா போன்ற நாடுகளுக்கு, அங்குள்ள இணைய மக்கள்தொகைக்கு ஏற்ப எடை கூட்டிக் கணக்கிடுவது நெட் அப்ளிகேஷன்ஸின் வழக்கமாயிருந்தது. ஸ்டாட்கவுன்டர் அவ்வாறு செய்வதில்லை. வாசகர் அடுத்துக் கேட்கக்கூடும் என்று ஊகித்துக் குரோம் திரைமறைவில் முன்கூட்டியே திறந்து வைத்த பக்கங்களை எண்ணுவதா, விடுவதா என்ற தகராறு வேறு. விளம்பர நிரல்களைத் தடுக்கும் சாதனங்களைப் பூண்டவர்கள் இத்தகைய கணக்கில் அகப்படாமலே போவதும் உண்டு. நெட் அப்ளிகேஷன்ஸ், உலாவிகளின் அறிமுக முறை மாறவிருப்பதைக் காரணம் காட்டி, 2020-இல் தன் கணக்கை நிறுத்திவிட்டது.

கைபேசி வந்த பின் மேசைக் கணினியைக் கொண்டு போட்ட கணக்கு பாதிக் கணக்காகிவிட்டது. உலக அளவில் கைபேசியும் டேப்லெட்டும் சேர்ந்து மேசைக் கணினியை முந்தியது 2016 அக்டோபரில் என்று ஸ்டாட்கவுன்டர் கூறும். இந்தியாவில் அது சில ஆண்டுகளுக்கு முன்பே நேர்ந்துவிட்டது. அக்காலத்தில் நம் நாட்டுக் கைபேசிகளில் யூசி பிரௌசர் பாதிக்கு மேல் பங்கு பெற்றிருந்ததற்கு, அது பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பி டேட்டாச் செலவைக் குறைத்ததே காரணம். 2016 செப்டம்பரில் ஜியோ கைபேசிச் சேவை வந்து டேட்டா மலிவானதும் அந்தக் காரணம் தேய்ந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு விதித்த தடை அந்த உலாவியின் கதையை முடித்தது. ஆண்ட்ராய்டு கைபேசியோடு கூடவே வரும் குரோம் அவ்விடத்தை நிரப்பிற்று.

இன்று உலகக் கணக்கில் குரோமுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அடுத்து நிற்பது ஐபோனின் பலத்தால் நிற்கும் சஃபாரி. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2020 முதல் குரோமின் உள் யந்திரத்தையே தானும் தழுவிக்கொண்டது. ஓபராவும், பிரேவ் என்னும் உலாவியும் கொண்டுள்ளதும் அதே யந்திரத்தைத்தான். ஆகவே பெயர்கள் பலவாயினும், பக்கத்தை வரைந்து காட்டும் பெரிய யந்திரங்கள் குரோமின் இன்றைய யந்திரமாகிய கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மோசில்லா அமைப்பின் கெக்கோ என்னும் மூன்றே. அவற்றில் கெக்கோவைப் பேணும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, ஃபயர்ஃபாக்ஸில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். சஃபாரியிலும் அவ்வாறு முதலிடம் பெற 2022-இல் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது கூகுள் மீது அமெரிக்க அரசு வாஷிங்டனில் தொடுத்த வழக்கில் வெளிப்பட்டது. முன்னமே வைக்கப்பட்டதை மக்கள் மாற்றுவது அரிது என்பதை நன்கறிந்தவர்களே இவ்வளவு பெருந்தொகையைக் கொடுப்பார்கள். தேடலில் கூகுள் ஏகபோகம் செலுத்துவதாக 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த நீதிபதி அமித் மேத்தா, குரோமை விற்றுவிட வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை மறு ஆண்டு ஏற்கவில்லை.

தமிழில் தளம் நடத்துவோருக்கும், அரசுச் சேவைகளை இணையத்தில் அமைத்துத் தருவோருக்கும் ஒரு விண்ணப்பம். புதிய பக்கத்தையோ படிவத்தையோ வெளியிடுமுன், ஃபயர்ஃபாக்ஸிலும் ஐபோனின் சஃபாரியிலும் ஒரு தடவை திறந்து, தமிழில் பெயரும் முகவரியும் தட்டச்சிட்டு, கடைசிப் பொத்தான் வரை அழுத்திப் பாருங்கள். வாசகரும், ஒரு பக்கம் தம் உலாவியில் இயங்காதபோது, மறுபேச்சின்றிக் குரோமைத் திறந்து காரியத்தை முடித்துக்கொள்ளாமல், தளத்தாருக்கு இரண்டு வரி எழுத வேண்டும். எழுதாவிடில், அன்றைய பதிவேட்டில் அவரும் குரோமை விரும்பி வந்தவராகவே எழுதப்படுவார்.