41-ஆம் பொட்டலம் எங்கே?

கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனால் மான்களைப் பார்க்கலாம். அந்த மான்கள் திரிந்த காட்டின் ஒரு பகுதியைப் பிரித்துத்தான் 1959-இல் சென்னை ஐ.ஐ.டி.யைத் தொடங்கினார்கள். இன்றும் அந்த வளாகத்துக்குள் புள்ளிமான்கள் உலாவுகின்றன. அங்கே கணினி அறிவியல் படித்து 1993-இல் பட்டம் பெற்றவர் ஹரி பாலகிருஷ்ணன். அவருடைய அப்பா அதே ஐ.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். ஹரி மேற்படிப்புக்காக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரும் ஸ்ரீனிவாசன் சேஷன், ஈலன் அமீர், பேராசிரியர் ரேண்டி காட்ஸ் ஆகியோரும் சேர்ந்து 1995-இல் ஒரு சிக்கலுக்குத் தீர்வு கண்டார்கள். கம்பியில் ஓடிவரும் செய்தி, கம்பி முடிந்து காற்றில் ஏறியதும் மிகவும் மெதுவாகிவிடுகிறது என்பதே அந்தச் சிக்கல்.

அதைப் புரிந்துகொள்ள, ஒரு புகைப்படம் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிய வேண்டும். டெல்லியில் உள்ள ஒரு கணினியிலிருந்து 30 லட்சம் பைட் அளவுள்ள படம் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுசாக வராது. ஏறத்தாழ 1,460 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டாயிரத்துக்கும் மேல் பொட்டலங்கள்! நறுக்குவது, வரிசை குறிப்பது, வந்ததைச் சேர்த்து ஒட்டுவது எல்லாம் நீங்கள் திரையில் தொடும் செயலியின் வேலை இல்லை. அதற்கு அடியில், இயங்குதளத்தின் நடுவே, கெர்னல் என்ற நிரல் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. டிசிபி என்ற விதிகளின்படி இதையெல்லாம் செய்வது அதுதான்.

டிசிபியின் முக்கியமான விதி, பொட்டலம் வந்ததும் பதில் சொல்வது. 40 வரை வந்துவிட்டதா? "அடுத்து 41 வேண்டும்" என்று உங்கள் கெர்னல் டெல்லிக்குச் சொல்லும். 41 தொலைந்துபோய் 42 வந்தால்? அப்போதும் "41 வேண்டும்". 43 வந்தாலும் அதே பதில், 44 வந்தாலும் அதே பதில். இப்படி மூன்று முறை ஒரே பதில் திரும்ப வந்தால், 41 வழியில் தொலைந்துவிட்டது என்று டெல்லி முடிவு செய்துகொள்ளும். அதை மறுபடி அனுப்பும். கூடவே தன் வேகத்தையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளும்.

ஏன் குறைக்க வேண்டும்? அதற்குப் பின்னால் ஒரு பழைய விபத்து இருக்கிறது. 1986 அக்டோபரில் பெர்க்லியில் இரண்டு இடங்களுக்கு இடையே இணைய வேகம் திடீரென்று சரிந்தது. இடையில் நானூறு மீட்டர்கூட இல்லை. நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் வெறும் 40 பிட் போனது. நெரிசலில் பொட்டலங்கள் தொலைய, எல்லாக் கணினிகளும் அவற்றை மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் கூடிக்கொண்டே போயிற்று. வான் ஜேக்கப்சன் என்பவர் இதை ஆராய்ந்து, பொட்டலம் தொலைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற விதியைக் கெர்னலில் எழுதினார். 1988-இல் வெளியான அந்த ஆய்வுதான் இணையத்தைக் காப்பாற்றியது என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்த விதிக்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. பொட்டலம் தொலைந்தால் காரணம் நெரிசல்தான் என்பது அந்த ஊகம். கம்பியில் அது பெரும்பாலும் சரி. காற்றில்? சுவர் தடுக்கும், வேறு அலை குறுக்கிடும், மைக்ரோவேவ் அடுப்பு இரையும். நெரிசலே இல்லாமல் பொட்டலம் கெட்டுப்போகும். டெல்லிக்கு இது தெரியாது. பாவம், அது பாதியாக, மறுபடி பாதியாக, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். வழியோ காலியாகக் கிடக்கும்!

ஒரு நாள் பள்ளிக்குப் போகாவிட்டால் என்ன செய்வீர்கள்? பாடத்தை முதலிலிருந்து நடத்தும்படி ஆசிரியரையா கேட்பீர்கள்? பக்கத்து வீட்டுத் தோழியின் நோட்டை வாங்கி எழுதிக்கொள்வீர்கள். ஹரியின் குழு செய்ததும் இதுதான். கம்பி முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் ஒரு கணினி இருக்கும். அதன் கெர்னலுக்குள் ஸ்னூப் என்ற சிறு நிரலை வைத்தார்கள். கடந்து போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அது ஒரு படி வைத்துக்கொள்ளும். "41 வேண்டும்" என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தால், தன்னிடம் உள்ள 41-ஐ உடனே எடுத்துக் கொடுத்துவிடும். அந்தப் பதில்களை டெல்லிக்குப் போகவும் விடாது.

தன்னிடம் 41 இல்லாவிட்டால் என்ன செய்யும்? அப்படியானால் அது கம்பி வழியிலேயே தொலைந்திருக்கிறது, ஒருவேளை உண்மையான நெரிசலால். அப்போது பதிலைத் தடுக்காமல் டெல்லிக்கு விட்டுவிடும். எனக்கு ஸ்னூப்பில் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

அதை ஏன் கெர்னலுக்குள் வைக்க வேண்டும்? பொட்டலங்கள் எப்படியும் கெர்னல் வழியாகத்தான் போகின்றன. ஒவ்வொன்றையும் வெளியே உள்ள ஒரு செயலிக்கு ஏற்றி, பார்த்து, மறுபடி இறக்கினால் அதிலேயே நேரம் கரையும். டெல்லிக் கணினியில் எதையும் மாற்றத் தேவையில்லாமல் போனது இன்னொரு வசதி. திங்க்பேட் மடிக்கணினிகளையும் 486 சில்லு கொண்ட கணினிகளையும் வைத்துச் சோதித்தார்கள். காற்று மிக மோசமாக இருந்தபோது, சாதாரண டிசிபியைவிட 20 மடங்கு வரை வேகம் கிடைத்தது. பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஹரிக்கு, வலைப்பின்னல்களில் செய்த பல பணிகளுக்காக 2023-இல் மார்க்கோனி பரிசு கிடைத்தது.

இப்போது வைஃபை பெட்டியே, காற்றில் கெட்ட பொட்டலத்தைத் தானாக மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. இன்னொரு பக்கம், குவிக் போன்ற புதிய விதிகளில் "வந்தது, வரவில்லை" என்ற பதில்களும் பூட்டப்பட்டே போகின்றன. வழியில் இருக்கும் எவராலும் அவற்றைப் படிக்க முடியாது, ஸ்னூப்பாலும்தான். அதனால் பொட்டலம் ஏன் தொலைந்தது என்று ஊகிக்கும் பொறுப்பு, அனுப்பும் கணினிக்கே மறுபடி வந்துவிட்டது. 2016 டிசம்பரில் லினக்ஸ் கெர்னலில் பிபிஆர் என்ற புதிய முறை சேர்ந்தது. பொட்டலங்கள் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்கின்றன, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அது அளந்து பார்க்கும். ஒன்றிரண்டு தொலைந்ததற்காக மட்டும் வேகத்தைப் பாதியாக்காது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர், 1988-இல் பழைய விதியை எழுதிய அதே வான் ஜேக்கப்சன்.