'அப்பாவை யார் பார்த்துக்கிறது?'

இந்தக் கேள்வி நம் வீடுகளில் எப்போது எழுகிறது தெரியுமா? அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிற அன்றைக்குத்தான்! பெரியவன் பெங்களூரிலிருந்து வந்து நிற்பான். மகள் வெளிநாட்டிலிருந்து போனில் அழுவாள். சின்னவனுக்கு லீவு கிடைக்காது. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடைசியில் எல்லோர் கண்ணும் ஒருவர் மேல் போய் நிற்கும். அவர் அந்த வீட்டு மருமகள்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: "அப்பா அம்மாவுக்கு எழுபது ஆகப்போகுதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசிடுங்க." உடனே, "நல்லா நடமாடிக்கிட்டு இருக்கிறவங்களை வச்சுக்கிட்டு இது என்ன டாக்டர் பேச்சு?" என்பார்கள். நடமாடும்போது பேசினால்தான் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க முடியும். படுத்துவிட்டால் நாமே முடிவெடுப்போம். அவர்கள் பேசாமல் படுத்திருப்பார்கள்.

முதலில் அவர்களைக் கேளுங்கள்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அவர் மகன் என்னிடம் அழைத்து வந்தார். "ஊர்ல தனியா இருக்காங்களேன்னு கூட்டிட்டு வந்தேன். மூணு மாசமா சரியாவே சாப்பிடலை" என்றார். நாடி பார்த்தேன், ரத்தப் பரிசோதனையும் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. மெல்லப் பேச்சுக் கொடுத்தபோது, "காலைல டீக்கடையில நாலு பேரைப் பார்ப்பேன். இங்க லிஃப்டைத்தான் பார்க்கிறேன்" என்றார் அவர்.

பசிக்கு மருந்து எழுதவில்லை. ஊரிலேயே ஏற்பாடு செய்யச் சொன்னேன். சமையலுக்கு ஓர் அம்மா, காலையில் குளிக்க உதவ ஓர் ஆள், அடுத்த வீட்டில் ஒரு சாவி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மகன் வருவது என்று முடிவாயிற்று. அடுத்த முறை பார்த்தபோது கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. எல்லாருக்கும் இது பொருந்தாது. மறதி முற்றியவரைத் தனியாக விடக்கூடாது. ஆனால் எங்கே இருப்பது, யார் தொட்டுக் குளிப்பாட்டுவது, பணத்தை யார் பார்ப்பது... இந்த மூன்றையும் அவர்களிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள்

அரை நாள் வேலைதான். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை அவர்கள் நடக்கிற வழியில் நீங்களும் ராத்திரி நேரத்தில் நடந்து பாருங்கள். சுருண்டு கிடக்கும் மிதியடி, ஒயர், வாசற்படி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அந்த வழியில் இரவு விளக்கு போடுங்கள். டாய்லெட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் கம்பிப் பிடி வையுங்கள். துண்டு மாட்டுகிற கம்பி ஆள் பாரம் தாங்காது. கீழே உட்கார முடியாதவருக்கு உயரமான டாய்லெட் வேண்டும். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. தூக்கத்திலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம். எழுந்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் நடக்கட்டும்.

எண்ணெய்க் குளியல் நல்லதுதான். ஆனால், எண்ணெய் தேய்த்த உள்ளங்காலோடு ஈரத் தரையில் நடப்பது வயதானவர்களுக்கு எத்தனை ஆபத்து என்று யோசித்தீர்களா? முதுகு சாயக்கூடிய, வழுக்காத நாற்காலியில் உட்கார வைத்தே தேய்த்துவிடுங்கள். பாதத்தைத் துடைத்த பிறகே எழச் சொல்லுங்கள். வெந்நீர், வெயில் வந்த பிறகு குளியல். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

எல்லா மருந்துக்கும் ஒரே நோட்டு

நானே சித்த மருத்துவன்தான். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இங்கிலீஷ் மாத்திரை, சூரணம், கஷாயப் பொடி, நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டு கூடவே போகட்டும். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று நினைக்காதீர்கள். இருமலுக்கு நல்லதென்று அதிமதுரத்தைத் தினமும் நிறைய சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். இந்துப்பும் உப்புதான். பி.பி. உள்ளவர்கள் அளவில்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. கஷாயம் ஆரம்பித்தாயிற்று என்று சுகர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது இன்னும் மோசம். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் நினைவு இருக்கும்போதே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, பிறகு டாக்டரைக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

வயது ஏற ஏற தாக உணர்ச்சி குறையும். 'கேட்கும்போது கொடுக்கலாம்' என்றிருந்தால் கேட்கவே மாட்டார்கள். பல பெரியவர்கள், ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று பயந்து தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். பகலிலேயே பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் குறைக்கலாம். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு.

பல் போனவருக்கு வெறும் ரசம் சாதம் கொடுத்தே காலம் தள்ளாதீர்கள். தசை கரைந்தால் கால் தள்ளாடும். குழைய வெந்த பாசிப்பருப்பு, முட்டை, தயிர், மசித்த கீரை தினமும் ஏதாவது ஒன்றாவது இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும்.

யார் எதைச் செய்வது?

மாமியாருக்கு மருந்து வாங்க வருகிற மருமகளின் கையைப் பிடித்து நாடி பார்த்தால், சில சமயம் அவருக்குத்தான் முதலில் மருந்து தேவைப்படும். தூக்கமில்லை, இடுப்பு வலி, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத எரிச்சல். அந்த எரிச்சல் ஒருநாள் பெரியவர் மேலேயே திரும்பும். அப்புறம் இரண்டு பேரும் தனித்தனியாக அழுவார்கள்.

அதனால் வேலையைப் பெயர் போட்டுப் பிரியுங்கள். தூரத்தில் இருப்பவர் மாதாமாதம் பணம் அனுப்பட்டும். செக்கப் தேதியை நினைவில் வைத்து அவரே அப்பாயின்ட்மென்ட் வாங்கட்டும். பக்கத்தில் இருக்கும் மகன் வாரத்தில் ஒருநாளாவது முழுப் பொறுப்பு ஏற்கட்டும். அப்பாவைக் குளிப்பாட்ட உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதா? மருமகள் குளிப்பாட்டும்போது அப்பாவுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

ஆள் வைப்பதாக இருந்தால்

துணைக்கு இருக்கும் ஆள் வேறு, பயிற்சி பெற்ற நர்ஸ் வேறு. ஊசி போடுவது, டியூப் மாற்றுவது நர்ஸ் வேலை. ஏஜென்சி மூலம் வந்தாலும் அடையாள அட்டையை நீங்களே சரிபாருங்கள். முன்பு வேலை பார்த்த வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னென்ன வேலை, சாப்பாடு, லீவு, சம்பளத் தேதி எல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். முதல் வாரம் வீட்டில் ஒருவர் கூடவே இருங்கள். வருகிற பெண்ணையும் மரியாதையாக நடத்துங்கள். உங்கள் அம்மா நாள் முழுக்க இருக்கப்போவது அவரோடுதான்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகு, இடுப்பு, குதிகாலில் சிவப்பு தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். சிவந்த இடத்தில் அழுத்தித் தேய்க்காதீர்கள்.

வெளியே கிடைக்கும் உதவி

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பி.பி., சுகர் மாத்திரைகளையும், பிசியோதெரபியையும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுபோவதற்காக வந்தது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். முதியோர் உதவி எண் 14567.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பாசத்தில் வீட்டை எழுதிக் கொடுக்கும்போது, 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் சேருங்கள். அதை மீறினால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். எழுதித் தருவதற்கு முன் ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

* வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை கால் தளர்வது, பேச்சு குழறுவது. நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் நாலரை மணி நேரம் பொன்னானது. கை வைத்தியம் வேண்டாம்.

* விழுந்த பிறகு காலை ஊன்ற முடியவில்லை என்றால் எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். எக்ஸ்ரே எடுங்கள்.

* நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விடாதீர்கள். சிறுநீரில் கிருமி, தண்ணீர் வற்றிப்போவது, சுகர் இறங்குவது எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை.

இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடும்போது, அப்பாவையும் அம்மாவையும் நடுவில் உட்கார வைத்துப் பேச ஆரம்பியுங்கள்.