பத்து நிமிஷப் பாடம்: தாய் கையால் செய்து காட்டினால்தான் பாடம்



நம் மத்தியில் வளர்ந்த ஒரு பிள்ளை இப்போது யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பிரதேசத்தைச் சேர்ந்த சுருவில் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கே முன்பள்ளி நடத்துகிறார். அவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். "புள்ளையக் கொண்டாந்து விடுற தாய்மார் பத்து நிமிஷம்தான் நிப்பாங்க. வயித்தோட்டத்தப் பத்தி அந்தப் பத்து நிமிஷத்துல என்ன சொல்லிக் குடுக்கலாம்? எல்லாத்தையும் சொல்லப் போனா ஒண்ணுமே மனசுல நிக்குதில்ல."

இது சுருவிலுக்கு மட்டும் உள்ள கேள்வியல்ல. காலையில் பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா வாசல், கொழுந்து நிறுக்கும் இடம் என்று நம் தாய்மாருக்கும் கிடைப்பது பத்துப் பத்து நிமிஷம்தான். ஆகவே இந்த முறை, சின்னப் பாடம் ஒன்றை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். படித்தவர்கள் இதற்குக் குறும்பாடம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் நம்முடைய தவறைச் சொல்லிவிடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிற்றோட்டம் பற்றி இரண்டு மணி நேரம் வகுப்பு வைத்தோம். கிருமி, கழிவறை, கை கழுவுதல், சாப்பாடு, மருந்து எல்லாம் பேசினோம். முடிவில் ஒரு தாயிடம், "ஒரு பக்கற் ஜீவனிக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டோம். "நல்லாத்தான் சொன்னீங்க. ஒரு கப்பா, ரெண்டு கப்பான்னுதான் ஞாபகம் இல்ல" என்றார். பிழை அவருடையதல்ல. தண்ணீர் குறைந்தால் உப்புக் கூடிப் பிள்ளைக்கு ஆபத்து. தண்ணீர் கூடினால் மருந்தின் பலன் குறையும். இரண்டு மணி நேரத்தில் அவசியமாகச் சொல்ல வேண்டிய அந்த ஒன்றைத்தான் நாம் புதைத்துவிட்டோம்.

பங்களாதேஷில் நடந்தது

இதே பாடத்தை ஒரு நாடு முழுவதற்கும் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். பங்களாதேஷில் 1972ல் பஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்ற அமைப்பு, 1980 முதல் 1990 வரை கிராமம் கிராமமாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. 1 கோடி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவர்கள் போனார்கள். அன்று அந்தக் கிராமங்களில் பக்கற் மருந்து கைக்கெட்டாது. ஆகவே மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் இவற்றைக் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் விரலும் கையும் இருக்கின்றன அல்லவா! அளவுக்கருவியை வெளியே தேடாமல் அவள் கையிலேயே வைத்தார்கள்.

தொடக்கத்தில் மனதில் வைக்க வேண்டியவை என்று பத்து விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அதை ஏழாகக் குறைத்தார்கள். ஊழியர் கலந்து காட்டிவிட்டுப் போகவில்லை. தாயே தன் வீட்டுப் பாத்திரத்தில், தன் கையால் கலக்க வேண்டும். தண்ணீர் எதுவரை என்று அந்தப் பாத்திரத்திலேயே அடையாளம் போட்டுவிட்டு வந்தார்கள்.

இதைவிட முக்கியமானது சம்பளம். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, தாய்க்கு எத்தனை விஷயம் ஞாபகம் இருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். தாய் நன்றாகச் சொன்னால் கற்றுக்கொடுத்தவருக்குக் கூடுதல் பணம். தாய் மறந்திருந்தால் ஊழியருக்குத்தான் நட்டம். பரீட்சை எழுதியது தாய், புள்ளி வாங்கியது டீச்சர். இந்த ஒரு ஏற்பாட்டால், ஊழியர்கள் வளவளவென்று பேசுவதை விட்டுத் தாய்க்கு விளங்குகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆனாலும் ஒரு குறை தெரிந்தது. பாடம் தெரிந்த தாய்மாரில் பலர், பிள்ளைக்கு நோய் வந்தபோது கலந்து கொடுக்கவில்லை. ஏன் என்று தேடினார்கள். கற்றுக்கொடுத்த ஊழியர்களில் பலருக்கே அந்த மருந்தில் நம்பிக்கை இல்லை, தங்கள் வீட்டில் நோய் வந்தால் வேறு மருந்து தேடுகிறார்கள் என்று தெரிந்தது. வீட்டு ஆண்களை யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. பிறகு ஊழியர்களை டாக்காவுக்குக் கூட்டிப்போய், மருந்து எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். ஆண்களுக்குத் தனியாகக் கூட்டம் வைத்தார்கள். அதன் பின்தான் பாடம் வீட்டுக்குள் போனது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. ஒரு பாடத்துக்கு ஒரு வேலை. "வயிற்றோட்டத்தைப் பற்றி அறிதல்" என்பது வேலையல்ல. "ஒரு பக்கற் ஜீவனியைச் சரியாகக் கரைத்தல்" என்பது வேலை. பாடம் முடிந்ததும் தாயின் கை என்ன செய்ய வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு உதவாத பேச்சை வெட்டி விடுங்கள், அது எவ்வளவு நல்ல பேச்சாக இருந்தாலும் சரி.

2. நாம் பேசுவது மூன்று நிமிஷம், அவர் செய்வது ஏழு நிமிஷம்.

3. அவர் வீட்டுச் சாமானில் செய்யச் சொல்லுங்கள். வகுப்பில் அளவுக் கண்ணாடி, வீட்டில் செம்பு என்றால் பாடம் வாசலோடு நின்றுவிடும்.

4. திரும்பக் கேளுங்கள். 1885ல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர், தானே மனப்பாடம் செய்து தானே மறந்து பார்த்து ஒரு நூல் எழுதினார். படித்ததில் பெரும் பங்கு முதல் நாளுக்குள்ளேயே கழன்றுவிடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் தங்குகிறது என்று கண்டார். ஆகவே ஒரே நாளில் அரை மணி வேண்டாம். இன்று பத்து நிமிஷம், நாளை இரண்டு நிமிஷம், அடுத்த வாரம் இரண்டு நிமிஷம் போதும்.

5. நாம் நம்பாததை, நம் வீட்டில் செய்யாததைக் கற்பிக்கக் கூடாது.

ஒரே பாடம், இரண்டு ஊர்

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். பக்கற் ஒன்றுதான், ஆனால் தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு.

தோட்டத்தில் பீலித் தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவாக ஓடும். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நினைக்கிறோம். மேலே லயமும் கழிவறையும் இருந்தால், மழை பெய்யும்போது அந்த அழுக்கும் பீலியில் சேரும். ஆகவே இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய வசனம்: "கொதிக்க வச்சு ஆறுன தண்ணிதான்."

தீவகத்தில் சுண்ணாம்புக் கல்லின் மேல் நல்ல தண்ணீர் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அதற்குக் கீழே உவர். பல கிணறுகளின் தண்ணீர் வாயில் கரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. உவர்த் தண்ணீரில் உப்புள்ள மருந்தைக் கரைத்தால் பிள்ளைக்கு உப்பு மிஞ்சிவிடும். ஆகவே அங்கே சொல்ல வேண்டிய வசனம்: "வீட்டில் குடிக்கவென்று தனியாக வைத்திருக்கும் நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிய பிறகு கரையுங்கோ." இந்த ஒரு வசனம் இல்லாமல் நம் தோட்டத்துப் பாடத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால், அது தீங்காகக்கூட முடியலாம்.

பாடம் இப்படி நடக்கட்டும். ஒரு லீற்றர் போத்தலால் தாயின் செம்பிலோ யக்கிலோ தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் அடையாளம் போடுங்கள். அவர் கை கழுவட்டும். அடையாளம் வரை கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கற் ஜீவனியை முழுவதுமாகக் கொட்டிக் கலக்கட்டும். அவரும் நீங்களும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்பாக இருக்கக் கூடாது. பிறகு அவர் வாயால் மூன்று விஷயம் சொல்லட்டும்: பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பேன்; தாய்ப்பாலும் சாப்பாடும் நிறுத்த மாட்டேன்; 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். அவ்வளவுதான்.

பக்கற் இல்லாத ராத்திரிக்கு என்ன செய்வது என்பது அடுத்த வாரப் பாடம்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அதற்கடுத்த வாரம் ஆபத்து அறிகுறி: கண் குழி விழுதல், குடிக்க முடியாமை, பிள்ளை சோர்ந்து மயங்கிக் கிடத்தல், மலத்தில் இரத்தம். இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் கலந்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் அள்ளிக் கொட்ட வேண்டாம். ஆனால் அன்றைக்கே ஒரு பிள்ளை நோயோடு வந்தால் வரிசையைப் பார்க்காமல் ஆபத்து அறிகுறியை முதலில் சொல்லுங்கள்.

இப்போது பலர் கையிலும் போன் இருக்கிறது. ஒரு நிமிஷம் பேசிப் பதிந்து அனுப்பலாம், நல்லதுதான். ஆனால் அது ஞாபகப்படுத்தத்தான் உதவும். கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிச் சந்தோஷப்படக் கூடாது. கலக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்றுதான் எண்ண வேண்டும்.

பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் அக்காமார், மாதர் சங்கத்தார், தாத்தா பாட்டிமார் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை இந்த வாரம் ஒரு தாய்க்குச் செய்து பாருங்கள். பக்கத்தில் தகப்பனும் நிற்கட்டும். ஏழு நாள் கழித்துப் போய், "எங்க, கலந்து காட்டும்மா" என்று கேளுங்கள். சரியாகச் செய்தால் புள்ளி உங்களுக்கு. செய்யாவிட்டால் தாயைக் கோபிக்காமல் நம் பாடத்தைத் திருத்துவோம்.

சுருவில் சகோதரிக்கும் இதையே எழுதியிருக்கிறோம். முதலில் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள் தங்கச்சி, பிறகு பக்கற்றைப் பிரியுங்கள்.