"கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது": சீலியாக் நோயும் நாமும்



இக்கட்டுரையை எழுதும் நாம் மூவர். ஒருவர் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய். ஒருவர் அலுவலகக் கணக்காளர். மற்றவர் பல்கலைக்கழக மாணவி. கனடாவில் வாழும் எம் மூவருக்கும் உள்ளது சீலியாக் நோய். எமது பெயர்களை இங்கே போடவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

இது என்ன நோய்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற புரதம் உள்ளது. சீலியாக் நோய் உள்ளவர்கள் அதை உண்டால், உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தனது சிறுகுடலையே தாக்குகிறது. உணவிலுள்ள சத்துக்களை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்து போகின்றன. வயிற்றோட்டம், வயிறு ஊதல், களைப்பு, இரத்தச்சோகை, எலும்பு பலவீனம், பிள்ளைகளில் வளர்ச்சிக் குறைவு எனப் பல வடிவங்களில் இது வெளிப்படும். சிலருக்கு வயிற்றில் எந்தக் குறையும் தெரியாது.

இது ஒவ்வாமை அன்று. தொற்றும் நோயும் அன்று. இதைக் குணப்படுத்த மருந்தும் இல்லை. குளுட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதே சிகிச்சை. ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதபோது இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதையும், பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நோயுற்றதையும் கவனித்தார். கோதுமையே காரணம் என்பதை 1950இல் தனது ஆய்வேட்டில் விளக்கினார்.

"எங்கட ஆட்களுக்கு இது வாறேல்லை"

இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தென்னிந்தியாவில் 1,000 பேரில் ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது. நோய்க்கு இடமளிக்கும் மரபணுக்கள் இரு பகுதியினரிடமும் பெரிதாக வேறுபடவில்லை. பெரிதும் வேறுபட்டது கோதுமை உண்ணும் அளவே. சோறு உண்ட எமது பெரியோர் இந்நோயைக் கேள்விப்படாததில் வியப்பில்லை. ஆனால் இங்கே காலையில் பாண், மதியம் சான்ட்விச், இரவில் பீற்சா என்று வாழ்கிறோம்.

எம்மில் தாயாக இருப்பவர் ஆறு ஆண்டுகள் இரும்புச்சத்துக் குளிசை எடுத்தார். இரத்தம் ஏறவேயில்லை. "வேலை கூட, ஒழுங்காகச் சாப்பிடுறேல்லை" என்றே எல்லோரும் சொன்னார்கள். புதிதாக வந்த குடும்ப வைத்தியர் ஒருவர் சீலியாக் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய பின்னரே உண்மை தெரிந்தது.

அரை வடையும் ஒரு நாள் சம்பளமும்

சென்ற ஆண்டு ஓர் உறவினரின் 31ஆம் நாள் கிரியைக்கு அவர் போயிருந்தார். "எங்கட வீட்டில கை நனைக்காமல் போறியோ பிள்ளை? கொஞ்சம் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது" என்று வீட்டுக்கார அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். துக்க வீட்டில் மறுக்க மனம் வரவில்லை. உளுந்து வடைதானே என்று அரை வடை சாப்பிட்டார். மா இறுக்கமாக வருவதற்காக அதில் கோதுமை மா சேர்த்திருந்தார்கள்.

இரவு முழுவதும் வயிற்றோட்டம். காலையில் எழ முடியவில்லை. முகவர் நிறுவனம் மூலம் செய்யும் வேலை, போகாத நாளுக்குச் சம்பளமில்லை. மேற்பார்வையாளர், "நேற்று விழாவுக்குப் போனாய், இன்று சுகமில்லையா?" என்று கேட்டார். அடுத்த இரண்டு கிழமைகளும் அவருக்கு வேலை குறைவாகவே கொடுக்கப்பட்டது. அன்பினால் தந்த அரை வடைக்கு அவர் கொடுத்த விலை இது.

எமது கணக்காளரின் சிரமம் வேறு. வெள்ளிதோறும் அலுவலகத்தில் பீற்சா வரும். அவர் ஒதுங்கியிருந்தால் "டயற்றா?" என்று சிரிப்பார்கள். ஒரு வருடம் சாட்டுச் சொல்லித் தப்பினார். பின்னர் வைத்தியரின் கடிதத்துடன் முகாமையாளரிடம் விடயத்தைச் சொன்னார். இப்போது சமையலறையில் அவருக்கெனத் தனித் தட்டும் தனி ரோஸ்டரும் உண்டு. மற்றவர்கள் பாண் வாட்டிய ரோஸ்டரின் துகள்களும் தீங்கு செய்யும் என்பதை அங்குள்ளவர்கள் இன்று அறிவார்கள். சொல்லாமல் இருந்ததுதான் பிழை என்கிறார் அவர்.

ஆனால் எல்லோராலும் சொல்ல முடிவதில்லை. "வெளியில சொல்லாதை, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை பிரச்சினை" என்று மாணவிக்கு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். எமது பெயர்கள் இங்கே இல்லாததற்குக் காரணம் அதுவே. உணவில் கவனமாக இருந்தால் இந்நோயுள்ளவர் படிக்கலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம். மறைத்து வைத்து, சபையில் கொடுத்ததையெல்லாம் உண்பதே ஆபத்து.

எமது சமையலில் ஒளிந்திருக்கும் கோதுமை

* கோதுமை மா சேர்ந்த தோசை, புட்டு, இடியப்பம், வடை
* ரவை, சேமியா; ஆகவே கேசரி, உப்புமா, பாயசம்
* றோல்ஸ், பற்றிஸ், கொத்துரொட்டி. கட்லற்றின் மேலுள்ள பாண் தூள்
* கூட்டுப் பெருங்காயம் (பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும்), சாதாரண சோயா சோஸ், மோல்ற் சேர்ந்த பானங்கள்

சோறு, பருப்பு, மரக்கறி, மீன், இறைச்சி, முட்டை, உளுந்து, பயறு, குரக்கன், ஒடியல் ஆகியவற்றில் இயல்பாகக் குளுட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்த மாவும், றோல்ஸ் பொரித்த எண்ணெயும், புட்டில் போட்ட அகப்பையும் எமக்கு ஆகாது.

கனடாவில் 2012 ஓகஸ்ட் முதல், பொதி செய்த உணவில் குளுட்டன் தரும் தானியம் சேர்ந்திருந்தால் அதன் பெயரைச் சிட்டையில் குறிப்பிட வேண்டும். குளுட்டன் இல்லாத உணவு வாங்க ஆகும் மேலதிகச் செலவை, வைத்தியரின் கடிதமும் பற்றுச்சீட்டுகளும் இருந்தால் வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம்.

உங்களிடம் நாம் கேட்பது

நீண்ட நாள் இரத்தச்சோகையோ வயிற்றுக் கோளாறோ இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சீலியாக் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்களில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் முடிவு பிழையாக வரலாம்.

சங்கத்தின் ஒன்றுகூடல்களில் சோறு கறியைத் தனி மேசையில், தனிக் கரண்டிகளுடன் வையுங்கள். சமைத்தவர் யார் என்று நாம் கேட்டால், என்ன சேர்த்தீர்கள் என்று அறியவே கேட்கிறோம். உங்கள் வீட்டுக்கு நாம் சாப்பாட்டுப் பெட்டியுடன் வந்தால் மனவருத்தம் கொள்ளாதீர்கள். அந்தப் பெட்டி இருப்பதால்தான் உங்களுடன் ஒரே பந்தியில் எம்மால் இருக்க முடிகிறது.

உபசரிக்க விரும்பினால் ஒரு தேத்தண்ணீர் தாருங்கள். சந்தோசமாகக் குடிப்போம்.